இரண்டாம் முறை நட்ட கல்

கல்லைத் தூக்கும்போது அதன் அடிப்பக்கத்தில் ஒரு பொட்டு வெயில்கூடப் படக்கூடாது. பட்டுவிட்டால் இருநூறு வருடக் கணக்கு கண்மூடித் திறப்பதற்குள் அழிந்துபோகும். அதனால்தான் மங்கையர்க்கரசி அந்த எல்லைக்கல்லைச் சுற்றி மூன்றடுக்குக் கறுப்புத் துணியில் கூடாரம் போட்டிருந்தாள். வெளியே நியூ மெக்சிகோவின் ஜூலை வெயில் மேட்டு நிலத்தை வறுத்துக்கொண்டிருந்தது. உள்ளே மங்கலாக ஒரு சிவப்பு விளக்கு. அந்தச் சிவப்பு மட்டும் கல்லை ஒன்றும் செய்யாது.

"பிரசவ வார்டு மாதிரிலா இருக்கு," என்றார் ஜெபராஜ். நாசரேத்துக்காரர், ஐம்பத்திரண்டு வயது. கருவிகளைக் கழற்றி மாட்டுவதில் அவரை மிஞ்ச ஆளில்லை. அரசிதான் குழுவுக்குத் தலைவி என்றாலும், பதினைந்து வயது மூத்தவர் என்பதால் அவரை 'அண்ணாச்சி' என்றுதான் கூப்பிடுவாள்.

"பேசாமப் பிடிங்க அண்ணாச்சி. நழுவிடப் போகுது."

"பிடிச்சுட்டுத்தான இருக்கேன். கல்லு கனக்கு. வாய் கனக்கலையே."

கூடாரத்துக்குள் மூன்றாவதாக நின்றவள் ஒதிலியா லுஹான். சான் எவரிஸ்தோ கிராமத்தின் நிலக் குழுத் தலைவி. ஐம்பத்தெட்டு வயது, முப்பது வருடமாகப் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாள். "எங்க ஊர்க் கல்லை நீங்க புரட்டும்போது எங்க ஊர் ஆள் ஒருத்தி பக்கத்தில் இருக்கணும்," என்று சொல்லிவிட்டு அனுமதி கேட்காமலே உள்ளே வந்திருந்தாள்.

"இது எப்படித் தேதி சொல்லும், மிஹா? சரியாச் சொல்லு. நாளைக்கு ஊர்க் கூட்டத்தில் என்னைக் கேப்பாங்க." மிஹா என்றால் அந்தப் பக்கத்தில் 'மகளே' என்று அர்த்தம். பார்த்த முதல் நாளே அப்படிக் கூப்பிட ஆரம்பித்துவிட்டாள்.

இந்தக் கேள்வியை யார் கேட்டாலும் அரசிக்கு உற்சாகம் வந்துவிடும். கல்லைத் தாங்கியபடியே சொல்லத் தொடங்கினாள்.

"கல்லிலும் மணலிலும் குவார்ட்ஸ்னு ஒரு துகள் இருக்கு. ஒவ்வொரு துகளுக்குள்ளும் லட்சக்கணக்கில் சின்னச் சின்னக் குழிகள். மண்ணில் இயல்பாவே கொஞ்சம் கதிர்வீச்சு உண்டு. அது அந்தக் குழிகளில் எலெக்ட்ரான்களைத் துளித் துளியா நிரப்பிக்கிட்டே இருக்கும். வெயில் பட்டா அத்தனையும் காலி. மறுபடி இருட்டில் வச்சா, மறுபடி முதல்லேர்ந்து நிரம்பும்."

ஒதிலியா ஒரு கணம் யோசித்தாள். "என் பழைய பஸ்ஸில் பிரேக் எண்ணெய் ஒழுகும். கீழே ஒரு தட்டு வச்சிருப்பேன். காலையில் தட்டைப் பார்த்தே வண்டி எத்தனை மணி நேரம் நின்னதுன்னு சொல்லிடுவேன்."

"அதேதான்! உங்க தட்டுதான் என் துகள்."

"ஆனா நீ எந்த நாள்னுகூடச் சொல்றியாமே?"

"முன்னெல்லாம் பத்து இருபது வருஷம் முன்னே பின்னே போகும். நாங்க குழிகளை ஒவ்வொண்ணா எண்ணுறோம். அதோட, சூரியனில் பெரிய புயல் அடிச்ச நாளில் எல்லாத் துகளிலும் ஒரு சின்ன எகிறல் இருக்கும். அந்த எகிறல்களை வரிசையா வச்சா, காலண்டர் கிடைச்சிடும்."

நாசரேத் பக்கத்துக் குதிரைமொழித் தேரியின் செம்மணலில்தான் அரசி இந்த வேலையைக் கற்றாள். ஒரு மணல்மேடு எந்த ஆடிக் காற்றில் எழுந்தது என்று சொல்வதற்காகக் கண்டுபிடித்த கருவி, இப்போது உலகத்தின் மறுபக்கத்தில் நில வழக்குகளில் சாட்சி சொல்லிக்கொண்டிருந்தது.

கல்லின் அடியிலிருந்து ஊசி முனையளவு சுரண்டி, கறுப்புக் குப்பியில் மூடினார்கள். கல்லைப் பழையபடி வைத்துவிட்டு வெளியே வந்ததும் மூவருக்கும் கண் கூசியது. கொஞ்சம் தள்ளி, நாய்க்குட்டி உயரத்தில் ஆறு கால் இயந்திரம் ஒன்று சின்னக் கறுப்புக் குடையின் கீழ் கூழாங்கற்களைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டு போனது. ஜெபராஜ் அதற்கு 'நண்டு' என்று பெயர் வைத்திருந்தார். சுற்றியுள்ள கற்களின் வயதையும் எடுத்து வைத்தால்தான் எல்லைக்கல்லின் கணக்கைச் சரிபார்க்க முடியும் என்று அரசி அதை விட்டிருந்தாள். மற்ற மூன்று பக்கமும் புதர் என்பதால், சமதரையான கிழக்குப் பக்கத்தில் முதலில் விட்டிருந்தார்கள்.

"கல்லு மட்டுமா பொறுக்குது இது? இந்தா பாரு." ஜெபராஜ் ஒரு பித்தளைப் பொத்தானை நீட்டினார். அதில் கழுகு உருவம் தேய்ந்திருந்தது. "எல்லைக்கல்லுலேருந்து நாப்பது தப்படி. யாரோ சட்டையக் கிழிச்சிட்டுப் போயிருக்கான்."

அரசி அதை ஒரு டப்பாவில் போட்டு, கிடைத்த இடத்தை எழுதி வைத்தாள். அப்போது அதைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை.

ஒதிலியா கொண்டுவந்த சீஸ் ரொட்டியை மூவரும் வேனின் நிழலில் உட்கார்ந்து தின்றார்கள்.

"ஒதிலியாக்கா, எனக்கு ஒரு சந்தேகம்," என்றார் ஜெபராஜ். "நிலம் ஒங்களதுங்கீங்க. கம்பெனிக்காரன் அவனுதுங்கான். நடுவில மெக்சிகோ எங்கேருந்து வந்துச்சு?"

"நாங்க மெக்சிகோவா இருந்தவங்கப்பா. இந்த மாகாணம் முழுக்க. 1844இல் சாண்டா ஃபேயில் இருந்த மெக்சிகோ ஆளுநர் எங்க முப்பத்தொரு குடும்பத்துக்கு இந்தப் பதினாலாயிரம் ஏக்கரைப் பொதுவா எழுதிக் கொடுத்தார். மேய்ச்சல், விறகு, அதோ அந்த மலையடியில் ஊற்று. ரெண்டு வருஷம் கழிச்சு அமெரிக்கப் படை வந்தது. ஆகஸ்ட் பதினெட்டு. ஒரு குண்டுகூட வெடிக்காம சாண்டா ஃபேயில் கொடி மாறிடுச்சு. அப்புறம் ஒப்பந்தம் போட்டு மாகாணத்தையே சேர்த்துக்கிட்டாங்க. உங்க சொத்து உங்களுக்கேன்னு அதில் எழுதியும் வச்சாங்க."

"பெறவு?"

"பெறவு என்ன? காகிதம் கேட்டாங்க. காகிதம் காட்டினா அளவு கேட்டாங்க. அளந்து காட்டினா, அது எங்க அளவு இல்லைன்னாங்க. படை எடுத்தது ஒரு நாள். நிலம் போனது ஐம்பது வருஷம்."

இப்போது அது ஹாலோவே கம்பெனியிடம் இருந்தது. ஊற்றுத் தண்ணீரைக் குழாய் போட்டு நகரத்துக்கு விற்கக் கம்பெனி முடிவு செய்திருந்தது. ஊற்று போனால் சான் எவரிஸ்தோவின் வாய்க்காலில் தண்ணீர் இல்லை. வாய்க்கால் இல்லாவிட்டால் ஊரும் இல்லை. மூன்று வருடம் முன்பு வந்த மீட்புச் சட்டம்தான் அவர்களுடைய ஒரே வாய்ப்பு. படை வருவதற்கு முன்பே ஊர் தன் நிலத்தைக் கைக்கொண்டிருந்தது என்று நிரூபித்தால் நிலம் திரும்பும். கூடவே ஒரு விதி: படை வந்த பிறகு எல்லையை மாற்றக் கல்லில் கை வைத்திருந்தால் வழக்கே தள்ளுபடி. கல்லைத் தள்ளி வைத்துக் கேட்பவர்களைத் தடுப்பதற்காக எழுதிய விதி. அரசி இதுவரை பதினோரு ஊர்களில் சோதித்திருந்தாள். நான்கு ஊர்கள் அவள் அறிக்கையால் தோற்றன. கடைசியாகத் தோற்ற ஊரில் காபிக் கடைக்காரர் அவளுக்குக் காபி கொடுக்க மறுத்துவிட்டார்.

"கைக்கொள்றதுன்னா சும்மா கையெழுத்து இல்லை," என்று ஒதிலியா தொடர்ந்தாள். "அதிகாரி முன்னால் எல்லைக்கல்லை நடணும். தரையிலிருந்து புல்லைப் பிடுங்கணும். நாலு திசைக்கும் கல் எறியணும். அரசின் பேரைச் சொல்லி வாழ்கன்னு கத்தணும். அப்பதான் நிலம் உன்னது. பழைய ஸ்பெயின் காலத்து வழக்கம். அதனால்தான் எங்க ஊரில் ஆகஸ்ட் பதினெட்டுக்கு விழா. அன்னைக்குக் காலையில் ஊரே சதுக்கத்தில் நின்னு ரெண்டு கையையும் விரிச்சுக் காட்டுவோம். கையில் புல் இல்லை! புது அரசு பேரில் நாங்க புல் பிடுங்கலைன்னு அர்த்தம். மத்த ஊரெல்லாம் புது எஜமானுக்குக் குனிஞ்சது. சான் எவரிஸ்தோ குனியலை. அடுத்த ஜனவரியில் கலகம் நடந்தப்போ எங்க வீட்டு ஃபவுஸ்தினோ லுஹானைத் தூக்கில் போட்டாங்க. கையில் புல் இல்லாமத்தான் போனான்."

கையை விரித்துக் காட்டினாள். ரொட்டித் துணுக்குகள் உதிர்ந்தன.

இரண்டு நாள் கழித்து வேனுக்குள் இருந்த ஆய்வுக்கூடம் முடிவைத் தந்தது. அரசி அதை மூன்று முறை ஓட்டிப் பார்த்தாள். கல்லின் அடிப்பக்கம் கடைசியாக வெயிலைப் பார்த்தது 1846 அக்டோபர் ஒன்பது. படை வந்து ஏழு வாரம் கழித்து. மற்ற நான்கு எல்லைக்கற்களிலும் அதே நாள்.

"அஞ்சையும் ஒரே நாளில் அசைச்சிருக்காவ," என்றார் ஜெபராஜ். எப்போதும் உள்ள கேலி அவர் குரலில் இல்லை. "அந்தம்மாகிட்ட யாரு சொல்ல?"

அரசிதான் சொன்னாள். பேருந்து நிறுத்தத்தில், கோடை வகுப்புப் பிள்ளைகள் எல்லாம் இறங்கிப் போன பிறகு. ஒதிலியா ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"தள்ளி வச்சிருக்காங்கன்னு சொல்றியா?"

"அசைச்சிருக்காங்கன்னு மட்டும்தான் கல் சொல்லுது. எங்கேருந்து எங்கேன்னு அதுக்குத் தெரியாது."

"அறிக்கையில் எழுதத்தான் செய்வியா?"

"செய்வேன்."

"எழுதாம இருன்னு நான் கேக்கலை." ஒதிலியா கதவை மூடும் பொத்தானை அழுத்தினாள். "இறங்கு. எனக்கு இன்னொரு சுற்று இருக்கு."

அன்று மாலை முழுக்க அரசி எல்லைக்கல்லின் எதிரே முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒரு ஊரே கூடி, ஐந்து கற்களையும் ஒரே நாளில் தள்ளி வைப்பது சாமானியமான காரியமில்லை. திருட்டுத்தனமாகச் செய்கிறவர்கள் ஒரு கல்லைத்தான் தள்ளுவார்கள். அதையும் யாரும் பார்க்காத மூலையில். திடீரென்று எழுந்தாள்.

"அண்ணாச்சி! கூடாரத்தைப் போடுங்க. கல்லைக் கேட்டோம். மண்ணைக் கேக்கலையே!"

"மண்ணு என்னத்தச் சொல்லும்?"

"யோசிச்சுப் பாருங்க. கல்லைத் தூக்கிட்டுப் பத்து நிமிஷத்தில் அதே இடத்தில் வச்சா, கீழே இருக்கிற மண்ணில் எவ்வளவு ஆழத்துக்கு வெயில் இறங்கும்? மேல்தோலுக்கு மட்டும்தான். ஒரு மில்லிமீட்டர் கீழே போனா அங்கே இருட்டு கலையவே இல்லை. வேற இடத்திலேருந்து கொண்டுவந்து வச்சிருந்தா, இந்த மண்ணுக்கு மேலேயும் கீழேயும் அக்டோபர்தான் இருக்கும்."

மண்ணைச் சீட்டுக்கட்டு போல மெல்லிய ஏடுகளாகச் சீவி எடுத்தார்கள். மறுநாள் மதியம் முடிவு வந்தது. மேல்தோலில் 1846 அக்டோபர் ஒன்பது. ஒரு மில்லிமீட்டர் கீழே 1844 மே பதினான்கு. ஆளுநரின் பத்திரத்தில் ஊர் நிலத்தைக் கைக்கொண்டதாக எழுதியிருந்த அதே நாள். ஐந்து இடத்திலும் அப்படியே.

அரசி ஓடாத குறையாக ஒதிலியாவின் வீட்டுக்குப் போனாள். "கல் இடம் மாறவே இல்லை! தூக்கி, அதே இடத்தில் வச்சிருக்காங்க. ஏன்னுதான் புரியலை. காரணம் இல்லாமப் போனா கம்பெனி வக்கீல் இதையும் மோசடின்னுதான் சொல்வார்."

ஒதிலியா எழுந்தாள். உள்ளே போய், மேஜை இழுப்பறையின் அடியில் ஒட்டி வைத்திருந்த உறை ஒன்றைப் பிரித்து எடுத்து வந்தாள்.

"இருபது வருஷம் முன்னால், கிழக்கே ஒரு அருங்காட்சியகத்தில் பழைய காகிதப் பெட்டி ஒண்ணில் இதைப் பார்த்தேன். படையோட வந்த ஒரு லெப்டினன்டின் நாட்குறிப்பு. ஒரு பக்கம் மட்டும் நகல் எடுத்தேன். யார்கிட்டயும் காட்டினதில்லை. அவன் பொய் எழுதியிருக்கான்னு நினைச்சேன். நினைக்கணும்னு நினைச்சேன்."

அரசி படித்தாள்.

'அக்டோபர் 9. சான் எவரிஸ்தோ. பழைய அரசு போய்விட்டதால் அது கொடுத்த நிலமும் செல்லாது என்று இம்மக்கள் அஞ்சுகிறார்கள். புதிய அரசின் பேரால் மறுபடி பெற்றுக்கொள்ளுமாறு சொன்னோம். எல்லைக்கற்களைத் தூக்கி மீண்டும் நட்டார்கள். தங்கள் வழக்கப்படி புல் பிடுங்கினார்கள், வாழ்க என்று கத்தினார்கள், கல் எறிந்தார்கள். உற்சாகம் அளவு கடந்தது. பிறகு இரண்டு குதிரைகளைத் தேடிப் பிடிக்க வேண்டியதாயிற்று.'

"இதான் காரணம்," என்றாள் ஒதிலியா. "ஒரு ராஜா கொடுத்த நிலம் அவன் போனா போயிடும்னு நினைச்சிருக்காங்க. புதுசா வந்தவன்கிட்ட திரும்ப வாங்கிக்கிட்டா யாரும் பிடுங்க முடியாதுன்னு நம்பியிருக்காங்க. உற்சாகம் அளவு கடந்ததாம்." கடைசி வார்த்தைகளைத் துப்புவது போலச் சொன்னாள். "ஜெயிக்கணும்னா இதை நான் தீர்ப்பாயத்தில் ஊர் முன்னால் படிக்கணும். இல்லையா, மிஹா?"

"ஆமா. காகிதம் மட்டும் போதாது, மண் மட்டும் போதாது. ரெண்டும் சேர்ந்தாத்தான் நிக்கும்."

"உன் நண்டு என்ன சொல்லுது?"

"அக்டோபர் ஒன்பதில் விழுந்த கல் நாலு, மே பதினாலில் விழுந்த கல் மூணு கிடைச்சிருக்கு. எறிஞ்ச கல் புதுசா ஒரு முகத்தைத் தரையில் வச்சுத்தானே விழும்? அந்த முகத்துக்கு அன்னையிலேருந்து இருட்டு. உங்க ஊர்க்காரங்க எறிஞ்ச கல்தான் அது."

ஒதிலியா தன் இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்தாள். பிறகு, "பஸ்ஸை அன்னைக்கு யார் ஓட்டுறதுன்னு பார்க்கணும். ஊரே சாண்டா ஃபேக்கு வரும்," என்றாள்.

ஆகஸ்ட் ஐந்தாம் தேதி ஊரே வந்தது. தீர்ப்பாயத்தின் பெஞ்சுகளில் இடம் போதாமல் சுவர் ஓரமாகவும் நின்றார்கள். அரசி மண் ஏடுகளின் கணக்கை விளக்கினாள். மூன்று நீதிபதிகளில் ஒருவர் ஆர்வம் தாங்காமல் குறுக்கே இரண்டு கேள்வி கேட்டார். அதன் பிறகு ஒதிலியா எழுந்து அந்தப் பக்கத்தைப் படித்தாள். நிறுத்தி நிதானமாக, ஒரு சொல்லையும் விழுங்காமல்.

'உற்சாகம் அளவு கடந்தது' என்ற இடத்தில் பின்னால் யாரோ பெஞ்சிலிருந்து எழுந்து போகும் சத்தம் கேட்டது.

கம்பெனியின் வழக்கறிஞர் ப்ரூஸ்டர் மெல்லச் சிரித்தார். "திருமதி லுஹான், வருடா வருடம் ஆகஸ்ட் பதினெட்டில் உங்கள் ஊர் கையை விரித்துக் காட்டுவதை நானும் தொலைக்காட்சியில் பார்த்திருக்கிறேன். அப்படியானால் இத்தனை காலம் அது பொய்யா?"

"ஆமாம்."

"பொய் சொல்லும் ஊரின் எல்லையை மட்டும் நம்ப வேண்டுமா?"

"கையைப் பற்றி நாங்க சொன்னது பொய். கல்லைப் பற்றி நாங்க எதுவும் சொல்லலையே. அதை மண் சொல்லிடுச்சு. நீங்க மண்ணைக் குறுக்கு விசாரணை பண்ணுங்க."

நீதிபதிகள்கூட உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினார்கள். ஆனால் ஊர்க்காரர்கள் யாரும் சிரிக்கவில்லை.

ஒரு வாரத்தில் தீர்ப்பு வந்தது. கற்கள் இடம் மாறவில்லை. மறுபடி நட்டது மோசடியும் இல்லை. பதினாலாயிரம் ஏக்கரும் ஊற்றும் சான் எவரிஸ்தோவுக்கே. சர்ச் மணி அடித்தது. யாரோ ஆட்டை வெட்டினார்கள். ஆனால் ஒதிலியாவின் வீட்டுக்கு வந்தவர்கள் வாசலிலேயே நின்று பேசிவிட்டுப் போனார்கள். வருடா வருடம் விழாவில் 'கையில் புல் இல்லை' என்று முதல் குரல் கொடுப்பவர் அவளுடைய அண்ணன் முறை கசிமிரோ. அவர் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னார்:

"நிலம் வந்துடுச்சு, ஒதிலியா. என் பேரன் பேத்திகள் உனக்கு நன்றி சொல்லும். ஆனா இந்த வருஷம் நான் கத்த மாட்டேன். என்னன்னு கத்துறது?"

"கத்தாதீங்க. நானும் கையை விரிக்கப் போறதில்லை," என்றாள் ஒதிலியா.

அரசி கிளம்பியிருக்கலாம். வேலை முடிந்துவிட்டது. ஆனால் அவளால் அரைகுறையாக விட்டுப் போக முடியவில்லை.

"தீர்ப்பே வந்தாச்சு. இன்னும் நண்டு எதுக்கு ஓடுது?" என்று கேட்டார் ஜெபராஜ்.

"கிழக்குப் பக்கம் ஒரு கீற்றுத்தான் பார்த்தோம். மீதி மூணு பக்கம் பாக்கலையே. சுத்தி முழுக்கப் பார்த்தா, அவங்க நின்ன இடத்தை நடுவில் வச்சு வட்டமா கல் கிடக்கும். ஒருத்தன் கை எவ்வளவு தூரம் போச்சுன்னுகூடச் சொல்லலாம். எனக்குப் பார்க்கணும்."

"ஒனக்கு ஆசை. எனக்கு இட்லி ஆசை. ரெண்டும் இங்கன கிடைக்காது."

ஆனாலும் நண்டின் கால்களுக்கு எண்ணெய் போட்டுப் புதருக்குள் விட்டவர் அவர்தான்.

ஆகஸ்ட் பதினெட்டு காலையில் வேனை ஊர்ச் சதுக்கத்தின் கிழக்கு ஓரத்தில் நிறுத்தியிருந்தார்கள். பூசை முடிந்து சனங்கள் சர்ச்சிலிருந்து வெளியே வந்தார்கள். வழக்கமாக நிற்கும் இடங்களில்தான் நின்றார்கள். ஆனால் ஆண்கள் கைகளைச் சட்டைப்பையில் விட்டிருந்தார்கள், பெண்கள் கைகளைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். கசிமிரோ தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒதிலியா எல்லோருக்கும் பின்னால் தனியாக நின்றாள்.

வேனுக்குள் திரையில் நண்டின் வரைபடம் அப்போதுதான் முடிந்திருந்தது. 1844 மே மாதக் கற்களை அரசி பச்சைப் புள்ளிகளாகப் போட்டாள். மொத்தம் இருபத்து மூன்று. எல்லைக்கல்லைச் சுற்றி வட்டமாக, பத்திரத்தில் சொன்னபடி நாலு திசையிலும் கிடந்தன. அடுத்து 1846 அக்டோபர் கற்களைச் சிவப்பில் போட்டாள். பத்தொன்பது. திரையைப் பார்த்தபடி அசையாமல் நின்றாள்.

"என்னாச்சு? நண்டு செத்துப்போச்சா?" என்று ஜெபராஜ் எட்டிப் பார்த்தார்.

"அண்ணாச்சி, சிவப்பைப் பாருங்க."

மேற்கில் ஒன்றுகூட இல்லை. வடக்கில் இல்லை. தெற்கில் இல்லை. பத்தொன்பதும் கிழக்கே, நாற்பது தப்படி தூரத்தில் ஓரிடத்தில் போய்க் குவிந்திருந்தன.

"நாலு திசைக்கும்லா எறியணும்?" என்றார் ஜெபராஜ். "இவனுவ ஏன் ஒரு பக்கமாவே..." பாதியில் நிறுத்தினார். மேல் அலமாரியிலிருந்து டப்பாவை எடுத்தார். கழுகுப் பொத்தான் கிடைத்த இடத்தை வரைபடத்தில் தேடி விரலை வைத்தார். விரல் சிவப்புக் குவியலின் நடுவில் இருந்தது.

"அங்கன யாரு நின்னா?" என்று கேட்டார். கேட்கும்போதே அவர் முகம் மலர்ந்துவிட்டது.

அரசி பலகைக் கணினியையும் பொத்தானையும் எடுத்துக்கொண்டு சதுக்கத்தைக் குறுக்கே கடந்து ஓடினாள். ஒதிலியா அந்தப் புள்ளிகளைப் பார்த்தாள். அரசி இரண்டே வாக்கியத்தில் சொன்னாள். விளக்குவதில் ஆசை உள்ள அவளுக்கே அதற்கு மேல் தேவைப்படவில்லை.

ஒதிலியா கைப்பையைத் திறந்து அந்தப் பழைய நகலை எடுத்தாள். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, தீர்ப்பாயத்தில் படித்த அதே இடத்தை வாய்விட்டுப் படித்தாள்.

"கல் எறிந்தார்கள். உற்சாகம் அளவு கடந்தது. பிறகு இரண்டு குதிரைகளைத் தேடிப் பிடிக்க வேண்டியதாயிற்று."

முதலில் ஒரு செருமல் மாதிரிதான் கேட்டது. பிறகு அது சிரிப்பாக உடைந்தது. பக்கத்துச் சுவரைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. "சட்டத்தில் கல் எறின்னு எழுதியிருக்கு! அவன்தானே எறியச் சொன்னான்! வாழ்கன்னு கத்திக்கிட்டே..." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "துப்பாக்கி வச்சிருந்தவனாலகூட ஒண்ணும் சொல்ல முடியலை. நாட்குறிப்பில் என்னன்னு எழுதுவான் பாவம்?"

"என்ன அங்கே சிரிப்பு?" கசிமிரோ கோபமாக வந்தார். ஒதிலியா படத்தை அவர் கையில் கொடுத்தாள். அவர் புரியாமல் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பச்சை, நம்ம ஆளுங்க முதல் தடவை எறிஞ்சது. சிவப்பு, ரெண்டாம் தடவை. இந்தப் பொத்தான், நடுவில் நின்ன படைக்காரன் சட்டையிலேருந்து விழுந்தது."

"பத்தொன்பது பேரா?"

"கிடைச்ச கல் பத்தொன்பது. குடும்பம் முப்பத்தொண்ணு."

"ஃபவுஸ்தினோ?"

"மூணு மாசம் கழிச்சுத் தூக்கில் தொங்கினவன் அன்னைக்குக் கையைக் கட்டிக்கிட்டா நின்னிருப்பான்?"

கசிமிரோ படத்தை இன்னொரு முறை பார்த்தார். தொப்பியைத் தலையில் வைத்தார். கூட்டத்தைப் பிளந்துகொண்டு நடுவுக்குப் போய், உடம்பில் இருந்த மூச்சையெல்லாம் சேர்த்து என்னவோ கத்தினார். ஸ்பானிஷில் இருந்ததால் அரசிக்குப் புரியவில்லை. ஆனால் அதற்குப் பிறகு சதுக்கத்தில் ஒருவர் காதிலிருந்து இன்னொருவர் காதுக்குச் சேதி போவதும், சட்டைப்பையிலிருந்து கைகள் வெளியே வருவதும், சிரிப்பு ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு நகர்வதும் அவளுக்கு நன்றாகத் தெரிந்தது.

யாரும் கையை விரித்துக் காட்டவில்லை. ஒருவர் பின் ஒருவராகக் குனிந்தார்கள். சதுக்கத்தின் ஓரத்தில் வறண்டு நின்ற புல்லை ஒரு கையால் பிடுங்கினார்கள். மறு கையால் கூழாங்கல் ஒன்றைப் பொறுக்கிக்கொண்டார்கள். ஒதிலியா தனக்கு ஒரு கல்லைத் தேர்ந்தெடுத்து, கையில் தூக்கிப் பிடித்து எடை பார்த்தாள். ஊர் முழுக்கக் கிழக்கே திரும்பி நின்றது.

அரசி பலகைக் கணினியை மார்போடு அணைத்துக்கொண்டு ஒதிலியாவின் பக்கத்தில் நின்றாள். ஒதிலியா கையை ஓங்கியவள் பாதியில் நிறுத்தினாள்.

"மிஹா."

"என்ன?"

"அங்கே நிக்கிற வேன் உங்களுதுதானே?"

அரசி திரும்பிப் பார்த்தாள். சதுக்கத்தின் கிழக்கு ஓரத்தில், வேனின் கண்ணாடியில் சாய்ந்துகொண்டு, நடப்பது எதுவும் புரியாமல் ஜெபராஜ் எல்லோரையும் பார்த்துக் கையசைத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி!" என்று அவள் கத்தினாள். "வண்டியை எடுங்க! சீக்கிரம்!"